உரப்பைக்குள் இருந்த சாரம்: நக்கிள்ஸ் மலைக்காட்டில் ஒரு மழைநாள்

யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவருக்கு மழை என்பது எப்படியும் விட்டுவிடுகிற ஒன்று. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் என்னதான் அடித்துப் பெய்தாலும் ஒரு கடைத் தாழ்வாரத்தில் ஒதுங்கி நின்றால் வானம் வெளித்துவிடும். இரண்டு நாள் அடைமழை என்றாலும் வீடு பக்கத்தில் இருக்கும். சுண்ணாம்புக்கல் நிலம் தண்ணீரைக் குடித்துக்கொள்ளும். துவாயால் தலையைத் துடைத்துவிட்டு ஒரு தேநீர் குடித்தால் கதை முடிந்தது. அந்த நினைப்பையும் முதுகுப்பையில் வைத்துக் கட்டிக்கொண்டுதான் நாங்கள் ஐந்து பேர் பொங்கல் கழிந்த ஒரு வார இறுதியில் நக்கிள்ஸ் காட்டுக்குப் போனோம்.

உயிர்ச்சேதம் எதுவும் இல்லை. ஆஸ்பத்திரிக்கும் போகவில்லை. இருபத்திரண்டு வயது இளைஞன் ஒருவன் ஓர் ஓடைக்கரையில் உடல் வெப்பம் இறங்கி, பேச்சுக் குழறி, இரண்டு மணி நேரம் எங்களைக் கதிகலங்க வைத்தான். பிறகு சரியாகிவிட்டான். இப்படிப்பட்டவற்றை யாரும் எழுதி வைப்பதில்லை. ‘நல்லகாலம், ஒன்றும் நடக்கவில்லை’ என்று கோயிலுக்கு ஓர் அர்ச்சனையோடு கணக்கை முடித்துக்கொள்கிறோம். நான் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிப்பவன். கணக்கை அப்படி முடிக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆட்களும் இடமும்

அத்தான், அதாவது என் அக்காவின் கணவர், ஐம்பத்தெட்டு வயது, ஓய்வு பெற்றவர். அவருடைய தங்கை எனக்கு மச்சாள், தாதியாக வேலை செய்கிறாள். என் அண்ணனின் மகன்மார் இருவர். இளையவன்தான் இந்த ஆய்வின் நாயகன். காற்பந்து விளையாடுபவன், மெலிந்த உடம்பு, எங்கள் எல்லோரையும்விட வேகமாக நடப்பவன். ஐந்தாவது ஆள் நான்.

நக்கிள்ஸ் மலைத்தொடர் கண்டி, மாத்தளை மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. மத்திய மலைநாடு 2010ஆம் ஆண்டில் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தபோது, சிவனொளிபாதமலைக் காட்டோடும் ஹோட்டன் சமவெளியோடும் சேர்த்து எடுக்கப்பட்ட மூன்றாவது துண்டு இது. இதன் உயர்ந்த சிகரமான கொம்பனியா 1,906 மீற்றர். நாங்கள் போனது அவ்வளவு உயரத்துக்கு அல்ல. மாத்தளையிலிருந்து றத்தோட்டை வழியாக ரிவர்ஸ்டன் பக்கம். இரவு பஸ்ஸில் ஏ9 வீதியால் வந்து விடியற்காலையில் மாத்தளையில் இறங்கியபோது வானம் வெறும் மூடலாகத்தான் இருந்தது.

இங்கேயே முதல் பிழை. தை மாதத்தில் யாழ்ப்பாணத்தில் மழை ஏறக்குறைய ஓய்ந்துவிடும். ஆனால் அதே வடகீழ்ப் பருவக்காற்று இந்த மலைகளின் கிழக்குச் சரிவில் முட்டி மேலே ஏறி, குளிர்ந்து, அங்கேயே கொட்டுகிறது. எங்கள் ஊர்த் தட்டை நிலத்தில் அதை நிறுத்தி வைக்க ஒரு மேடுகூடக் கிடையாது. இங்கே மலையே குறுக்கே நிற்கிறது. நாங்கள் கைபேசியில் பார்த்தது மாத்தளை நகரத்தின் காலநிலை. நகரம் அடிவாரம், நாங்கள் போனது மலைக்கு. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக மண்சரிவு எச்சரிக்கை வெளியிடுகிறது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் கவனம், 100 என்றால் தயார், 150 என்றால் வெளியேற வேண்டும் என்பது அதன் படிநிலை. அதைத் திறந்து பார்க்க வேண்டும் என்று ஐந்து பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மண்சரிவு எங்கள் ஊர்ச் சொல் அல்லவே.

பையில் இருந்தவை

வீட்டில் தராசில் தூக்கிப் பார்த்தபோது இளையவனின் பை பதினொரு கிலோ. கூடாரம் அவனிடம்தான். உடுத்திருந்தது ஜீன்ஸ், பருத்தி ரீசேர்ட், அதற்கு மேல் மோட்டார் சைக்கிளில் போகும்போது போடுகிற ரப்பர் பூசிய மழைக்கோட்டு. பருத்தித்துறை வடை, எள்ளுருண்டை, பனங்கட்டி எல்லாம் தாராளமாக இருந்தன, பையின் அடியில். பைக்கு மேலே போர்த்த மழையுறையும் இருந்தது.

அத்தானின் பையைப் பார்த்து நாங்கள் சிரித்தோம். யூரியா உரப்பையின் உள்ளே வரும் தடித்த பொலித்தீன் உறையைக் கழுவி உலர்த்தி, அதற்குள் ஒரு சாரம், ஒரு முழுக்கைச் சட்டை, கம்பளிப் போர்வை, தீப்பெட்டி எல்லாவற்றையும் போட்டு, வாயை முறுக்கி, மடித்துக் கட்டி, அதைத்தான் முதுகுப்பைக்குள் இறக்கியிருந்தார். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்திலிருந்து, போரில் இடம்பெயர்ந்த சனத்தோடு சனமாக மழையில் தென்மராட்சிக்கு நடந்தவர் அவர். ஒரு பையை எப்படிக் கட்ட வேண்டும் என்பதை அந்த இரவுக்குப் பிறகு அவர் மாற்றிக்கொண்டதே இல்லை. இதை அவர் அன்று எங்களுக்குச் சொல்லவில்லை. பிறகு நான் கேட்டபோதுதான், வேறு எதையோ சொல்வதுபோலச் சொன்னார்.

காலை எட்டு முதல் மூன்று வரை

வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதிச் சீட்டு எடுத்து, கிராமத்து வழிகாட்டி ஒருவருடன் நடக்கத் தொடங்கியபோது மணி எட்டேகால். வழிகாட்டிக்கு ஐம்பது வயது இருக்கும். மெல்லிய சட்டை, கட்டைக் காற்சட்டை, காலில் ரப்பர் செருப்பு, கையில் குடை. அவருடைய நடை எங்களுக்கு எரிச்சலூட்டும் அளவுக்கு மெதுவாக இருந்தது. அந்த மெதுநடையின் பெறுமதி வீட்டுக்கு வந்த பிறகுதான் விளங்கியது: மனிதர் வியர்க்கவே இல்லை.

பத்து மணிக்குத் தூறல். பதினொன்றுக்குச் சீரான மழை, கூடவே காற்று. காற்று அடிக்கும் முகடுகளில் மரங்கள் ஆளுயரத்துக்கு மேல் வளராமல் குறுகி நிற்கின்றன. மழையில் அந்தக் குட்டைக்காடு ஒதுங்க இடம் தராது. நான் கொண்டுபோயிருந்த பரிசோதனைக்கூட வெப்பமானி நண்பகலில் 16 பாகை காட்டியது. பதினாறு பாகையில் யாராவது குளிரில் விறைப்பார்களா என்று கேட்டால், அன்று காலை நானும் ‘இல்லை’ என்றுதான் சொல்லியிருப்பேன்.

இளையவன் ஏற்றத்தில் வேகமாக ஏறினான். மழைக்கோட்டுக்குள் வெளிமழை வரவில்லை, வியர்வைதான் வழிந்தது. வியர்வை போக வழியில்லாத கோட்டு அது. மோட்டார் சைக்கிளில் சும்மா உட்கார்ந்திருப்பவனுக்காகச் செய்த பொருளைப் போட்டுக்கொண்டு மலை ஏறினால் வேறென்ன நடக்கும்? பன்னிரண்டு மணிக்கு அவன் தோலோடு ஒட்டிய ரீசேர்ட்டைக் கழற்றிவிட்டு, பையிலிருந்த உலர்ந்த ரீசேர்ட்டை எடுத்துப் போட்டான். நானும் அப்படியே செய்தேன். அந்தப் பத்து நிமிடச் சுகம் இருக்கிறதே! அரை மணியில் அதுவும் நனைந்தது. இப்போது எங்களிடம் இரண்டு ஈர உடுப்புகள் இருந்தன. உலர்ந்தது ஒன்றும் இல்லை. அத்தான் மட்டும் உரப்பையைத் தொடவில்லை. நனைந்த சட்டையோடேயே நின்றார். மாற்றுங்கள் என்று நாங்கள் சொன்னதற்கு, இரவுக்கு வேண்டும் என்றார், அவ்வளவுதான்.

இந்த நிகழ்வின் முடிச்சு இங்கேதான் விழுந்தது என்பது என் கட்சி. ஓடையும் காற்றும் பின்னால் வந்தவை.

அட்டைகளைப் பற்றி ஒரு சொல். எங்கள் ஊரில் அட்டை என்றால் ஏற்றுமதிக்குப் போகும் கடலட்டை, அல்லது மழைக்காலச் சுவரில் ஊரும் மரவட்டை. இங்கே காலுறைக்குள் நுழையும் இரத்த அட்டை. கடித்தால் வலிக்காது, இரத்தம் உறையாமல் ஏதோ கலந்துவிடுவதால் கசிந்துகொண்டே இருக்கும். ஆபத்தில்லை. ஆனால் அவற்றை எடுக்கவென்று ஏழெட்டுத் தடவை நின்றோம். நின்ற ஒவ்வொரு தடவையும் உடம்பு ஆறியது. காலுறையில் சவர்க்காரத்தை அழுத்தித் தேய்த்திருந்தால் பாதி நிறுத்தங்கள் மிச்சமாகியிருக்கும்.

நண்பகலைத் தாண்டி ஒரு கவரடிப் பாதையில் வழிகாட்டி நின்று, குடையைத் தாழ்த்தி, எங்களைப் பார்த்து ஏதோ சொன்னார். காற்றில் எனக்குக் கேட்டது ‘யமு’ என்ற சொல் மட்டும். சிங்களத்தில் அதற்குப் போவோம் என்று பொருள். அவ்வளவு எனக்குத் தெரியும். சரியென்று தலையாட்டிவிட்டு முன்னே நடந்தோம். அவர் ஒரு கணம் நின்றுவிட்டுப் பின்னால் வந்தார். அன்றிரவுதான் தெரிந்தது, அவர் சொன்னது ‘ஆபஹு யமு’. திரும்பிப் போவோம். முன்னால் ஓடை பெருகியிருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. முன்பாதியைக் காற்று கொண்டுபோய்விட்டது. பின்பாதியை வைத்துக்கொண்டு நாங்கள் இரண்டரை மணி நேரம் நடந்தோம். அவர் ஏன் ஓடி வந்து மறிக்கவில்லை என்று கேட்கலாம். காசு கொடுத்து வந்த விருந்தாளிகள் தலையாட்டிவிட்டுப் போனால் எந்த வழிகாட்டியும் அவர்களுக்கு விருப்பம் என்றுதான் நினைப்பார். பிழை அவரிடம் இல்லை. நான் தலையாட்டியிருக்கக் கூடாது.

ஓடைக்கரை

மூன்று மணி பத்து நிமிடம். வெயில் காலத்தில் கல்லில் கல்லாகத் தாண்டுகிற ஓடை என்றார்கள். நாங்கள் கண்டது தேநீர் நிறத்தில், இலைகளையும் சுள்ளிகளையும் இழுத்துக்கொண்டு தொடையளவுக்கு ஓடுகிற வெள்ளம். முழங்காலுக்கு மேல் வேகமாக ஓடும் நீரில், அதுவும் முதுகில் சுமையோடு, இறங்குவது மடமை. மலை ஓடை சட்டென்று ஏறும், மழை தணிந்தால் சட்டென்று இறங்கும். வழிகாட்டி காத்திருப்போம் என்று சைகையால் சொன்னார். அந்த முடிவு சரியானது. அதை நாங்கள் செய்த விதம்தான் பிழை.

நடக்கும்வரை தசைகள் சூடு தந்துகொண்டிருந்தன. ஈர உடுப்பு தின்ற சூட்டை நடை ஈடுகட்டியது. நின்றதும் வரவு நின்றது, செலவு மட்டும் தொடர்ந்தது. தறப்பாளை இரண்டு மரங்களுக்கிடையே கட்டிவிட்டு, ஈரக் கல்லில் உட்கார்ந்து, மழை விடட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தோம். ஊர்ப் பழக்கம். காலை ஏழு மணிக்குச் சாப்பிட்ட பாணுக்குப் பிறகு யாரும் ஒன்றும் உண்ணவில்லை. பை நனைந்துவிடும் என்று திறக்கவில்லை. அத்தான் மட்டும் சட்டைப்பையில் பனங்கட்டித் துண்டுகளைப் போட்டுக்கொண்டு நாள் முழுவதும் கடித்துக்கொண்டிருந்தார். பனங்கட்டி ஈரத்தில் பிசுபிசுத்துச் சட்டையெல்லாம் பாகு. அதற்கும் சிரித்தோம்.

முதலில் இளையவன் நடுங்கினான். எல்லோரும்தான் நடுங்கினோம். பிறகு அவன் எரிச்சலோடு ஏதோ முணுமுணுத்தான். களைப்பு என்று விட்டுவிட்டோம். கால்மணி நேரம் கழித்துத் தன் பையின் கயிற்று முடிச்சை அவிழ்க்க முயன்றான். விரல்கள் கயிற்றின் மேல் தடவித் தடவி நின்றன. மச்சாள் அதைக் கவனித்தாள். குளிர்கிறதா என்று கேட்டாள். இல்லை, இப்போது சுகமாக இருக்கிறது என்றான், நாக்குத் தடித்தவன்போல. நடுக்கம் குறைந்திருந்தது. எனக்கு அது நல்ல செய்தியாகப் பட்டது. அவள் முகம் மாறிவிட்டது.

உடலின் உள்வெப்பம் 35 பாகைக்குக் கீழே இறங்கினால் அது நோய்நிலை. தொடக்கத்தில் உடம்பு கடுமையாக நடுங்கித் தன்னைச் சூடாக்கிக்கொள்ளப் பார்க்கும். சூடாகாமலே நடுக்கம் நின்றுபோனால் உடம்பு போராட்டத்தைக் கைவிடுகிறது என்று பொருள். அதை அளக்கும் கருவி எங்களிடம் இல்லை. கைவிரல், பேச்சு, குணமாற்றம் ஆகிய மூன்றையும் வைத்தே அவள் தீர்மானித்தாள்.

அதற்குப் பிறகு அவள் சொன்னதை நாங்கள் செய்தோம். ஈர உடுப்பு முழுவதையும் கழற்ற வேண்டும் என்றாள். கழற்றிவிட்டு எதைப் போடுவது? ஐந்து பைகளையும் திறந்தோம். மேலுறை போட்ட பைகள் நான்கிலும், உறை மூடாத முதுகுப்பக்கத்தால் வழிந்து இறங்கிய தண்ணீர் அடியில் தேங்கி நின்றது. உறங்குபைகளில் மூன்று பிழியலாம் போல இருந்தன. அத்தான் பேசாமல் உரப்பையை அவிழ்த்தார். உள்ளே சாரமும் சட்டையும் கம்பளியும் வீட்டு அலுமாரியில் இருப்பதுபோலவே இருந்தன.

இளையவனைக் கல்லிலிருந்து எழுப்பி, வெறுமையாக்கிய பைகளை அடுக்கி அதன் மேல் இருத்தினோம். ஈர நிலம் காற்றைவிட வேகமாகச் சூட்டை உறிஞ்சும். சாரம், சட்டை, கம்பளி, அதற்கு மேல் காற்றுப் புகாதபடி தறப்பாள். இரு பக்கமும் நானும் அவன் தமையனும் ஒட்டி உட்கார்ந்தோம். தமையன் தம்பியின் கைகளைத் தேய்க்கத் தொடங்கினான், மச்சாள் தட்டிவிட்டாள். தேய்த்தால் கைகால்களில் குளிர்ந்து நிற்கிற இரத்தம் நெஞ்சுக்கு ஓடும். அடுத்து அவன் பையிலிருந்து ஒரு சிறு பிராந்திப் போத்தல் வெளியே வந்தது. அந்தப் பதற்றத்திலும் அவள் அவனைப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன். மது தோலின் இரத்தக் குழாய்களை விரிக்கும். உள்ளே இருக்கிற மிச்சச் சூடும் வெளியே போகும்; ஆளுக்குச் சூடாக இருப்பதுபோலத் தோன்றுவது அதனால்தான்.

எரிவாயு அடுப்பில் தண்ணீர் கொதித்தது. வெறும் தேநீரில் அத்தானின் பனங்கட்டி முழுவதும் கரைந்தது. விழுங்க முடிகிறதா என்று முதலில் ஒரு வாய் கொடுத்துப் பார்த்துவிட்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தாள். முக்கால் மணி நேரத்தில் அவன் மறுபடி வெடவெடவென்று நடுங்கினான். மச்சாள் அப்போதுதான் சிரித்தாள்.

ஐந்து மணிக்கு மழை சற்றுத் தணிந்தது. தை மாதத்தில் ஆறு மணியளவில் சூரியன் போய்விடும். மரத்தடியில் அதற்கும் முன்னரே இருட்டிவிடும். ஓடையைக் கடக்கும் எண்ணத்தையே விட்டோம். வழிகாட்டி எங்களைப் பக்கத்து மேட்டில் இருந்த ஒரு பழைய வாடிக்கு நடத்திப் போனார். இந்தக் காட்டின் மரநிழலில் முன்பு ஏலம் பயிரிட்டார்கள். பறித்த ஏலத்தை உலர்த்தக் கட்டிய வாடி அது. கூரை பாதிதான் இருந்தது. அந்தப் பாதிக்குள் ஆறு பேரும் இரவைக் கழித்து, காலையில் வந்த வழியே திரும்பினோம். வீதிக்கு வந்ததும்தான் கைபேசிக்கு உயிர் வந்தது. 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்ஸை அழைக்கலாம் என்றால்கூட, அழைப்பதற்கு நாங்கள் அங்கே வந்து சேர்ந்தாக வேண்டும்.

வீட்டில் பார்த்த கணக்கு

மச்சாள் வைத்தியம் பார்த்தாள். நான் கணக்குப் பார்த்தேன். இளையவனின் ஜீன்ஸை உலர்வாக நிறுத்தேன்: 680 கிராம். கிணற்றடியில் நனைத்து, கையால் இறுகப் பிழிந்து நிறுத்தேன்: 1,410. அதாவது பிழிந்த பிறகும் 730 கிராம் தண்ணீர். ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 2,400 யூல் வெப்பம் வேண்டும். சும்மா இருக்கும் மனித உடம்பு செக்கனுக்கு நூறு யூல் அளவுக்குத்தான் சூடு தருகிறது. அந்த ஒரு காற்சட்டையை உடற்சூட்டால் உலர்த்துவதானால், உடம்பு தரும் சூடு முழுவதையும் ஏறக்குறைய ஐந்து மணி நேரம் அதற்கே கொடுக்க வேண்டும். ஆவியாவது பாதிக் கதைதான். ஈரத் துணி தோலிலிருந்து சூட்டை நேரடியாகவும் கடத்திச் செல்லும். தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய இருபத்தைந்து மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்துகிறது. பதினாறு பாகை போதும் என்பது இதற்குப் பிறகு எனக்கு வியப்பாக இல்லை. என் பழைய விளையாட்டுக் காற்சட்டை, பொலியெஸ்டர், இதே சோதனையில் தொண்ணூறு கிராம் தண்ணீரைத்தான் வைத்திருந்தது.

ஏன் வயது கூடிய அத்தான் விழவில்லை, காற்பந்து வீரன் விழுந்தான்? மெலிந்த உடம்பில் கொழுப்புப் போர்வை குறைவு. வேகமாக நடந்தவன் அதிகம் வியர்த்தான், இருந்த சத்தை விரைவாகச் செலவழித்தான், ஒன்றும் உண்ணவில்லை. கூட்டத்தில் பலசாலியை யாரும் கவனிப்பதில்லை என்பதையும் இதோடு சேர்க்க வேண்டும். அன்று முழுவதும் நாங்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தது அத்தானைத்தான்.

உலர்ந்த உடுப்பு விடயத்துக்குத் திரும்புகிறேன், அதை விட முடியவில்லை. நல்லூர்த் திருவிழாவுக்கென்று தோய்த்து உலர்த்தி வைத்த வேட்டியை யாராவது இடையில் எடுத்து உடுப்பார்களா? கைகழுவாமல் அதைத் தொட்டாலே வீட்டில் சத்தம் கேட்கும். அந்த வேட்டிக்குக் கொடுக்கிற மரியாதையை ஒரு சோடி உடுப்புக்குக் கொடுத்தால் போதும். பகலில் எவ்வளவு நனைந்தாலும் நனைந்ததோடு நடக்க வேண்டும். கூரைக்குக் கீழே, இனி நடையில்லை என்றான பிறகுதான் அதை எடுக்க வேண்டும். அல்லது ஓர் ஆள் விழுந்தால். காலையில் அதைக் கழற்றிவைத்துவிட்டு, சில்லிட்ட ஈரச் சட்டையை மறுபடி போட வேண்டும். மலையில் நான் செய்த செயல்களில் இதுதான் மிகக் கொடியது. ஐந்து நிமிடம் பல்லைக் கடித்தால் நடையில் சூடு வந்துவிடும்.

மறுபடியும் போனோம், மறுபடியும் மழைதான். ஐந்து பைகளிலும் உரப்பை உறை. ஜீன்ஸ் இல்லை. ஏற்றத்தில் மழைக்கோட்டின் முன்பக்கத்தைத் திறந்துவிட்டு வழிகாட்டியின் வேகத்தில் நடந்தோம். மணிக்கொரு தடவை ஏதாவது வாயில் போட்டோம். பகல் ஒரு மணிக்கு எங்கே நின்றாலும் அங்கிருந்து திரும்புவது என்று வீட்டிலேயே தீர்மானித்திருந்தோம். ஆபஹு, வத்துர, நவத்தின்ன என்று ‘திரும்பி’, ‘தண்ணீர்’, ‘நில்லுங்கள்’ என்பவற்றுக்கான சிங்களச் சொற்களை மூத்த பையன் தன் பை மூடியின் உட்புறத்தில் தமிழில் எழுதி வைத்திருந்தான். அதே வழிகாட்டிதான் வந்தார். அதை வாசித்துக் காட்டச் சொல்லி நெடுநேரம் சிரித்தார்.

இளையவனுக்கு அந்த ஓடைக்கரையில் நடந்தது பெரும்பாலும் நினைவில்லை. ஆனால் ஒன்றில் மட்டும் உறுதியாக நிற்கிறான்: பைக் கயிற்றின் முடிச்சைத் தானேதான் அவிழ்த்தானாம். அறுந்த கயிறு இன்னும் அந்தப் பையில்தான் இருக்கிறது. மச்சாள் கத்தியால் அறுத்தது.